முப்பது நாள்ல பத்து கிலோ: தப்பு உங்க மேல இல்ல

கேள்வி: குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் ஆகுது, ஏறின வெயிட் இன்னும் இறங்கல. ஆன்லைன்ல "முப்பது நாள்ல பத்து கிலோ, கிளினிக்கலா நிரூபிச்சது"னு ஒரு விளம்பரம் பாத்து ஒரு கிட் வாங்கினேன். ஒரு ஷேக் பவுடர், ராத்திரி குடிக்க ஒரு டீ, மூலிகை கேப்ஸ்யூல், ஒரு டயட் சார்ட், வாட்ஸ்அப்ல ஒரு கோச். முதல் வாரமே மூணு கிலோ குறைஞ்சுது. அப்புறம் ரெண்டு வாரம் அப்படியே நின்னுடுச்சு, ஒரு நாள் வெளிய சாப்பிட்டதுக்கு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியிருந்துச்சு. கோச்ச கேட்டா "நீங்க சீட் பண்ணியிருக்கீங்க, உங்க உடம்புல டாக்ஸின் வேற ஜாஸ்தி, அடுத்த லெவல் கிட் வாங்குங்க"ங்கிறாங்க. இதெல்லாம் உண்மையா பொய்யானு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தப்பு என் மேலதானா?

பதில்: தோழி, உங்க கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா லெட்டர் முழுக்க அதுதான் உங்கள அரிச்சிட்டு இருக்குன்னு தெரியுது. தப்பு உங்க மேல இல்ல. நீங்க சார்ட்ல ஒரு வரி கூட மீறாம இருந்திருந்தாலும் அந்த விளம்பரத்துல சொன்னது நடந்திருக்காது, நடக்கவும் முடியாது, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்தா நீங்களே கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.

ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல சுமாரா 7,700 கலோரி இருக்கு. பத்து கிலோன்னா 77,000. இத முப்பது நாள்ல கரைக்கணும்னா தினமும் 2,500 கலோரிக்கு மேல குறை விழணும். ஆனா சாதாரணமா வீட்டு வேல, ஆஃபீஸ் வேலன்னு இருக்கிற ஒரு பொண்ணோட உடம்பு காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும், தூங்குற நேரத்தையும் சேத்து, செலவு பண்றதே 2,000 கலோரி பக்கத்துலதான் இருக்கும். அதாவது நீங்க முப்பது நாளும் வெறும் தண்ணியக் குடிச்சுட்டு படுத்திருந்தாலும் பத்து கிலோ கொழுப்பு போகாது. இந்தக் கணக்கு அந்த விளம்பரத்த எழுதினவங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் "கொழுப்பு"ன்னு சொல்லாம "கிலோ"ன்னு மட்டும் சொல்றாங்க.

அப்போ முதல் வாரம் போன அந்த மூணு கிலோ என்னன்னு கேப்பீங்க. பெரும்பாலும் தண்ணி. நம்ம உடம்பு மாவுச்சத்த கிளைக்கோஜன்ங்கிற வடிவத்துல தசையிலயும் ஈரல்லயும் சேத்து வைக்குது, எல்லாம் சேந்து சுமார் 400, 500 கிராம் இருக்கும், ஒவ்வொரு கிராமும் தன்னோட கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும். சாப்பாட்ட, அதுவும் மாவுச்சத்த திடீர்னு குறைச்சதும் இந்த ஸ்டாக் காலியாகுது, கூடவே அந்தத் தண்ணியும் வெளிய போகுது, இதுலயே ஒன்றரை ரெண்டு கிலோ போயிடும். உப்பு குறைஞ்சதால கொஞ்சம் தண்ணி, குடல்ல இருக்கிற சாப்பாட்டோட அளவு குறைஞ்சதால கொஞ்சம், உண்மையான கொழுப்பும் கொஞ்சம். இந்த முதல் வாரத்த வச்சுதான் இந்த பிசினஸே ஓடுது. உங்கள மாதிரி நூறு பேரு முதல் வாரம் சந்தோஷத்துல ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாங்க, அதெல்லாம் அடுத்த மாச விளம்பரமா வரும், மூணாவது வாரம் அந்த நூறு பேருக்கும் என்ன ஆச்சுன்னு யாரும் போட மாட்டாங்க.

வெளிய சாப்பிட்ட மறுநாள் ஏறின ஒன்றரை கிலோவும் இதே கதைதான், திருப்பிப் போட்டுப் பாருங்க. அது கொழுப்பா இருக்கணும்னா நீங்க ஒரே நாள்ல, உடம்புக்கு வேண்டியது போக, 11,000 கலோரிக்கு மேல சாப்பிட்டிருக்கணும். அது நடக்கிற காரியமில்ல. காலியான ஸ்டாக் நிரம்புச்சு, தண்ணி திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான். இத சீட் பண்ணதுன்னு சொல்ற கோச்சுக்கு ஒண்ணு விஷயம் தெரியல, இல்ல தெரிஞ்சே சொல்றாங்க. எது உண்மையா இருந்தாலும் உங்க உடம்ப அவங்க கையில விடக்கூடாது.

இப்போ கிட்டுக்குள்ள வருவோம். அதுல நாலு பொருள் இருக்கு, அதுல உங்க வெயிட் மேல நியாயமா வேல செஞ்சிருக்கக் கூடியது ஒண்ணே ஒண்ணு, அது ஃப்ரீயா குடுத்த டயட் சார்ட். பெட்டியோட பின்பக்கம் பொடி எழுத்துல "கலோரி குறைந்த உணவு மற்றும் உடற்பயிற்சியுடன் பயன்படுத்தும்போது"ன்னு ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்க. அந்த வரியில சொல்றதுதான் வெயிட்ட குறைக்குது, பேரு மட்டும் பவுடருக்குப் போகுது. இதுக்கு நல்ல ஒரு அளவுகோல் இருக்கு. செமாக்ளூடைட்ங்கிற ஊசி மருந்து இன்னிக்கு உலகம் முழுக்க பேசப்படுது, 2021ல வெளியான அதோட பெரிய ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் கிட்ட எடை குறைஞ்சுது. அதே ஆய்வுல மருந்தே இல்லாத ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கும் 2.4 சதவீதம் குறைஞ்சுது, ஏன்னா ரெண்டு குரூப்புக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை குடுத்தாங்க. ரெண்டு விஷயத்த கவனிங்க. மருந்தே இல்லாமலும் ஆலோசனை மட்டும் கொஞ்சம் குறைக்கும், அதனால "எனக்கு குறைஞ்சுதே"ங்கிற ஒரு ஆளோட சாட்சி பவுடர் வேல செஞ்சதுக்கு ஆதாரம் இல்ல. அப்புறம் டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத, இவ்வளவு சக்தியான மருந்துக்கே ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதுன்னா, டீயும் பவுடரும் முப்பது நாள்ல எப்படி முடிக்கும்?

அந்த ராத்திரி டீயோட லேபிள்ல சென்னா, அதாவது நிலாவரை இலை இருக்கான்னு பாருங்க, ஸ்லிம்மிங் டீ பலதுல அது இருக்கு. அது பேதி மருந்து. அது வேல செய்றது பெருங்குடல்ல, சாப்பாட்டோட கலோரி பெரும்பகுதி அதுக்கு முன்னாடியே சிறுகுடல்ல உறிஞ்சப்பட்டிருக்கும். அதனால காலையில வயிறு தட்டையா தெரியும், வெயிட் மெஷின்ல குறைஞ்சு காட்டும், போனது தண்ணியும் பொட்டாசியமும்தான். தொடர்ந்து குடிச்சா அது இல்லாம வெளிய போகவே கஷ்டம்ங்கிற நிலைமை வரலாம்.

கேப்ஸ்யூல்தான் எனக்கு உண்மையிலயே பயமா இருக்கு. மூலிகைன்னு எழுதியிருக்கிறத வச்சு பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. சிபுட்ரமின்னு ஒரு பசி குறைக்கிற மருந்து இருந்துச்சு, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் ஆபத்த கூட்டுதுன்னு தெரிஞ்சு 2010ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் மார்க்கெட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. ஆனா அதுக்கப்புறமும் "இயற்கை", "மூலிகை"ன்னு விக்கிற ஸ்லிம்மிங் மாத்திரைகள லேப்ல சோதிச்சப்போ அதே சிபுட்ரமின் லேபிள்ல சொல்லாம உள்ள கலந்திருந்தத அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ திரும்பத் திரும்ப கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. அந்தக் கேப்ஸ்யூல் ஆரம்பிச்சதுலேர்ந்து நெஞ்சு படபடப்பு, தூக்கம் வராம இருக்கிறது, வாய் வறண்டு போறது, ப்ரஷர் ஏறுறதுன்னு எதாவது இருக்கா? அப்படி இருந்தா காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க, பெட்டியையும் கூட எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் இன்னிக்கே நிறுத்திடுங்க, அதுவும் குழந்தைக்கு இன்னும் பால் குடுக்கிறீங்கன்னா யோசிக்கவே வேண்டாம்.

பவுடர் பத்தி சுருக்கமா. முன்பக்கம் பெருசா போட்டிருக்கிற புரோட்டீன் அளவு எத்தன ஸ்பூனுக்குன்னு பின்பக்கம் பாருங்க, ரெண்டு மூணு ஸ்பூன சேத்து ஒரு சர்விங்னு வச்சிருப்பாங்க. "ஸ்பெஷல் பிளெண்ட்"னு ஒரே மொத்த எடைய போட்டு உள்ள பத்து பொருள் பேர அடுக்கியிருந்தா, அதுல எது எவ்வளவுன்னு நமக்குத் தெரியாம இருக்கணும்னுதான் அப்படிப் போடறாங்க. புரோட்டீன சாதாரணமா நேரா அளக்கிறதில்ல, அதுல இருக்கிற நைட்ரஜன அளந்து 6.25 ஆல பெருக்கி கணக்கு பண்றாங்க, அதனால கிளைசின், டாரின் மாதிரி நைட்ரஜன் இருக்கிற, விலை கம்மியான பொருள கலந்தா டெஸ்ட்ல புரோட்டீன் ஜாஸ்தின்னு காட்டும்.

"கிளினிக்கலா நிரூபிச்சது"ங்கிற வார்த்தையத்தான் நீங்க ரொம்ப நம்பியிருக்கீங்க, அதனால அத கொஞ்சம் விரிவா சொல்றேன். வறுக்காத பச்சைக் காபிக் கொட்டை சாறு வெயிட்ட குறைக்கும்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்காவுல டிவியில பேசி பெரிய வியாபாரம் ஆச்சு. அந்த ஆய்வுல இருந்தது மொத்தமே 16 பேரு. நுகர்வோர் பாதுகாப்ப கவனிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி விசாரிச்சப்போ, ஆளுங்களோட எடையையும் மத்த அளவுகளையும் மாத்தியிருக்காங்க, யாரு மருந்து சாப்பிட்டாங்க யாரு சாப்பிடலங்கிறதயே தப்பா எழுதியிருக்காங்கன்னு குற்றம் சாட்டுச்சு, 2014ல அந்த ஆய்வ ஜர்னல்லேர்ந்து திரும்ப வாங்கிட்டாங்க. இன்னொண்ணு, போட்டுட்டு நடந்தாலே உடம்பு டோன் ஆகும்னு ஸ்கெச்சர்ஸ் கம்பெனி ஷேப்-அப்ஸ்னு ஒரு ஷூ வித்துச்சு. சுதந்திரமான ஆய்வு பண்ணதா சொல்லி ஒரு கைரோபிராக்டரோட, அதாவது முதுகெலும்புக்கு கையால சிகிச்சை குடுக்கிறவரோட, சிபாரிசு விளம்பரத்துல வந்துச்சு, அவரு அந்தக் கம்பெனியோட மார்க்கெட்டிங் அதிகாரிக்கு வாழ்க்கைத் துணை, ஆய்வுக்கு காசு குடுத்ததும் கம்பெனிதான், இது ரெண்டயும் மறைச்சாங்கன்னு எஃப்டிசி சொல்லுச்சு. 2012ல 4 கோடி டாலர் குடுத்து அந்த வழக்க முடிச்சுக்கிட்டாங்க. அதனால இனிமே "நிரூபிச்சது"ன்னு யாரு சொன்னாலும், எத்தன பேரு மேல, எத்தன நாளு, எதோட ஒப்பிட்டு, யாரு காசுல, சோதிச்சது இதே பொருளயா இல்ல இதுல துளி கலந்திருக்கிற ஏதோ ஒண்ணயான்னு கேளுங்க. அந்த ஆய்வ அனுப்பச் சொல்லி கோச்ச கேட்டுப் பாருங்க, என்ன பதில் வருதுன்னே நிறைய தெரிஞ்சிடும்.

இதே எஃப்டிசி 2014ல பத்திரிகை, டிவிக்காரங்களுக்காக ஒரு வழிகாட்டி போட்டுது, இந்த மாதிரி ஏழு வாக்கியம் விளம்பரத்துல வந்தா அது உண்மையா இருக்கவே முடியாது, போடாதீங்கன்னு. எதையும் எவ்வளவும் சாப்பிடலாம் ஆனா குறையும், நிறுத்தின பிறகும் நிரந்தரமா ஏறாது, சாப்பிடற எல்லாருக்கும் குறையும், உடம்புல கட்டிக்கிட்டா இல்ல தேச்சாலே குறையும், இப்படிப் போகுது அது. உங்க விளம்பரத்த திரும்ப எடுத்து இதோட ஒட்டிப் பாருங்க. முன்-பின் ஃபோட்டோவுக்கெல்லாம் ரொம்ப மெனக்கெட வேண்டாம், வயித்த தள்ளி மங்கலான லைட்ல ஒண்ணு, உள்ள இழுத்து நல்ல லைட்ல இன்னொண்ணு, இத ஒரே நாள்ல கூட எடுக்கலாம்.

டாக்ஸின் விஷயத்துக்கு ஒரே கேள்வி போதும்: எந்த டாக்ஸின், பேரு என்ன, எந்த ரத்த டெஸ்ட்ல தெரியும்? பேரு சொல்ல முடியாத ஒரு விஷத்த குறைஞ்சிடுச்சா இல்லையான்னு யாராலயும் அளக்க முடியாது, அளக்க முடியாததால அடுத்த கிட், அதுக்கடுத்த கிட்னு வித்துக்கிட்டே இருக்கலாம். கழிவ வெளியேத்துற வேலைய ஈரலும் கிட்னியும் பாத்துக்குது. இதுல என்னை ரொம்ப கோவப்படுத்துறது எதுன்னா, குறைஞ்சா கிட்டோட பெருமை, குறையலன்னா உங்க உடம்போட குத்தம், உங்க ஒழுக்கத்தோட குத்தம். ரெண்டு வயசுக் குழந்தைய வச்சுக்கிட்டு தூக்கம் இல்லாம ஓடிட்டு இருக்கிற ஒரு அம்மாகிட்ட போய் இதச் சொல்லி இன்னொரு கிட்ட விக்கிறது சரியே இல்ல.

இப்போ செய்ய வேண்டியது. அடுத்த லெவல் வாங்காதீங்க. முதல் கிட் வாங்கும்போது கார்டுல மாசாமாசம் தானா காசு எடுக்கிற மாதிரி எதாவது டிக் ஆயிருக்கான்னு இன்னிக்கே பாத்து கேன்சல் பண்ணுங்க, "முதல் மாசம் டிஸ்கவுண்ட்"னு வர்ற ஆஃபர்ல இது அடிக்கடி ஒளிஞ்சிருக்கும். விளம்பரத்தையும் கோச்சோட மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, காசு திரும்பக் கேக்கவோ நுகர்வோர் அமைப்புல புகார் குடுக்கவோ உதவும். கோச்சுக்கு விளக்கம் எதுவும் குடுக்க வேண்டியதில்ல, "எனக்கு வேண்டாம், மெசேஜ் அனுப்பாதீங்க"ன்னு ஒரு வரி அனுப்பிட்டு பிளாக் பண்ணுங்க, ஏன்னா நீங்க காரணம் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணுக்கும் அவங்ககிட்ட ஒரு ரெடி பதில் இருக்கும்.

அப்புறம் ஒரு டாக்டர பாருங்க, தைராய்டு டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க, பிரசவத்துக்கப்புறம் தைராய்டு குறையிறது பல பெண்களுக்கு நடக்குது, அது இருந்தா எந்த சார்ட்டும் நீங்க எதிர்பாக்கிற மாதிரி வேல செய்யாது. கிட்ல வந்த சார்ட்ட முறையா படிச்ச டயட்டீஷியன்கிட்ட காட்டி, உங்க வீட்டு சமையலுக்கும் நேரத்துக்கும் ஏத்த மாதிரி மாத்தி எழுதச் சொல்லுங்க. வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சாலே அது நல்ல வேகம், சில வாரம் மெஷின் அசையாது, அதுக்காக பதறாதீங்க, இடுப்புச் சுத்தளவயும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ டேப் வச்சு குறிச்சு வைங்க. பெரியவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, குழந்தைய தள்ளுவண்டியில வச்சுக்கிட்டு வேகமா நடக்கிறதும் அதுல சேத்திதான். டெஸ்ட் ரிசல்ட் வந்ததும், அந்தக் கேப்ஸ்யூல் பெட்டியில என்னென்ன எழுதியிருக்குங்கிறதையும் சேத்து எனக்கு இன்னொரு லெட்டர் போடுங்க.