பழைய அரபுக் கவிதையில் ஒட்டகத்தைப் பாடும் கவிஞர் ஏன் திடீரென்று காட்டு மானின் கதைக்குத் தாவுகிறார்?

தாவல் போலத் தெரியும், ஆனால் அது உவமைதான். 'என் ஒட்டகம் இப்படி ஓடும்' என்று தொடங்கும் உவமை வளர்ந்து தனிக் கதையாகிவிடுகிறது.

லபீத் என்ற கவிஞரின் முஅல்லகாவை (புகழ்பெற்ற பழைய அரபு நெடும்பாடல்களில் ஒன்று) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வருவது ஓரிக்ஸ். வெள்ளை உடலும் நீண்ட கொம்பும் கொண்ட பாலைவன மான். அரபியில் அதைக் காட்டுப் பசு என்பார்கள். அதன் கன்றை ஓநாய்கள் தின்றுவிட்டன. தாய்க்கு அது தெரியாது. கத்திக்கொண்டே தேடுகிறது. ஒரு மழை இரவில் மரத்தடியில் ஒதுங்குகிறது. முதுகில் நீர் வழிய, இருட்டில் அதன் வெண்மை நூலறுந்த முத்துப் போல மின்னுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் கனத்துவிடும். விடிந்ததும் மறுபடி ஏழு நாள் தேடுகிறது. பால் கட்டியிருந்த மடி வற்றிப்போகிறது. அப்புறம் வேட்டை நாய்கள் வருகின்றன. அது திரும்பி நின்று கொம்பால் குத்தி கஸாப், ஸுகாம் என்ற இரண்டு நாய்களைச் சாய்க்கிறது.

சரி, மான் எப்போதும் பிழைக்குமா? இல்லை. 9ஆம் நூற்றாண்டில் அரபு எழுத்தாளர் அல்-ஜாஹிஸ் தன் விலங்கு நூலில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: புகழ்ப் பாட்டில் நாய்கள் சாகும், இரங்கற்பாவில் மான் சாகும். மகன்களைப் பறிகொடுத்த அபூ துஐப் என்ற கவிஞர் பாடிய இரங்கற்பாவில் காட்டுக் கழுதை, ஓரிக்ஸ் இரண்டுமே வேட்டையில் மடிகின்றன.