மொட்டைமாடி ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு 2.5 ஸ்கொயர் வயர் போதுமா, 6 தான் இழுக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. சப்ளை நேராக அவுட்டோர் யூனிட்டுக்குப் போகிற மாடல். வீட்டின் டிபி பெட்டியிலிருந்து (எல்லா லைனும் பிரிகிற மெயின் பெட்டி) மாடி வரை 22 மீட்டர். வழியில் வெயில் அடிக்கும் சுவரில் வயர் போகும் பைப், அதே பைப்பில் தண்ணீர் மோட்டார் லைனும் வருகிறது. ஒரு எலக்ட்ரீஷியன் 2.5 தாராளம் என்கிறார், இன்னொருவர் 6 இல்லாமல் தொடவே மாட்டேன் என்கிறார்.

என் பதில் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர். (ஸ்கொயர் என்பது வயருக்குள் இருக்கும் உலோகத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.) எப்படி அந்த எண் வந்தது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் பைப் வேறு வழியில் போயிருந்தால் பதிலும் மாறியிருக்கும்.

முதலில் டன்னை மறந்துவிடுங்கள். 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் திறன். அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் மாடலுக்கு மாடல் மாறும். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு ஆம்பியர் கணக்கு இருக்கும்: சாதாரணமாக ஓடும்போது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. கொளுத்தும் மதியத்தில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும். போதாததற்கு, இன்வெர்ட்டர் ஏசி வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டைக் கூட்டி அதே வேலையைச் செய்துகொள்ளும். 1800 வாட் எடுக்கும் யூனிட்டுக்கு 230 வோல்டில் 8 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. வோல்டேஜ் 190க்கு இறங்கினால் ஒன்பதரை.

உங்கள் ஸ்டிக்கரில் அதிகபட்சம் 12 ஆம்பியர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் எம்சிபி, அதாவது கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச், 16 ஆம்பியர், சி கர்வ் (ஆன் ஆகும்போது வரும் நொடிநேரக் கூடுதல் கரண்ட்டுக்கு உடனே விழாத வகை). (கம்பெனி மேனுவலில் வேறு ரேட்டிங் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.) இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஏசி 12 இழுக்கிறது, வயர் 12 தாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். எம்சிபி ஏசிக்குக் காவல் இல்லை, வயருக்குக் காவல். அது 16 வரை சும்மா இருக்கும் என்றால், வயரும் குறைந்தது 16 தாங்கியே ஆக வேண்டும். சும்மா இருப்பது 16 வரை மட்டுமல்ல. 23 ஆம்பியர் ஓடினாலும் ட்ரிப் ஆக ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள தரநிலையே அனுமதிக்கிறது. அவ்வளவு நேரமும் சூடாவது வயர்.

இப்போது வயரின் பக்கம். சுவரில் பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் பிவிசி காப்பர் கேபிள் 23 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். அதைப் பார்த்துத்தான் முதல் ஆள் தாராளம் என்றிருப்பார். ஆனால் அந்த 23 என்பது சுற்றிலும் 30 டிகிரி இருந்தால். வெயில் சுவரில் பைப்புக்குள் 50 என்று வைத்துக்கொள்வோம், 0.71 ஆல் பெருக்க வேண்டும்: 16.3. தனியாகப் போனால் மயிரிழையில் பாஸ். கூடவே மோட்டார் லைனும் இருக்கிறதே, ஒன்றின் சூடு இன்னொன்றுக்கும் ஏறும், அதற்கு இன்னொரு 0.8. 13 ஆம்பியர்தான் மிஞ்சுகிறது. 16 ஆம்பியர் எம்சிபிக்குக் கீழே 13 ஆம்பியர் வயர், ஒத்துவராது.

4 ஸ்கொயருக்கு இதே கணக்கு: 30 × 0.71 × 0.8 = 17. சரி, பாஸ். பைப்பை நிழல் பக்கம் மாற்றி, மோட்டார் லைனைப் பிரித்துவிட்டால் 2.5 நிஜமாகவே போதும். முதல் ஆள் சொன்னது தப்பு இல்லை, உங்கள் சுவரைப் பார்க்காமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

வோல்டேஜ் டிராப்பை, அதாவது நீளமான வயரில் வழியிலேயே வோல்டேஜ் குறைவதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். 22 மீட்டருக்கு அது பெரிய விஷயமே இல்லை. 2.5இல் ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் விழும், போய்த் திரும்பும் தூரம் அதிலேயே சேர்ந்தது. 12 × 22 × 18, சுமார் 4.75 வோல்ட், 2 சதவீதம். 4 ஸ்கொயரில் 3 வோல்ட்டுக்கும் கீழே. 50, 60 மீட்டர் ஓடுகிற லைன் என்றால் அப்போது இதுதான் அளவை முடிவு செய்யும்.

6 ஏன் வேண்டாம்? காசு போகட்டும். 1.5 டன் யூனிட்டின் டெர்மினலில் (வயரை ஸ்க்ரூ போட்டு மாட்டும் இடம்) 6 ஸ்கொயர் நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே சிலர் என்ன செய்வார்கள் தெரியுமா, நுனியில் கொஞ்சம் இழைகளைக் கத்தரித்துவிட்டு மீதியைத் திணிப்பார்கள். 22 மீட்டரும் 6 ஸ்கொயர், கடைசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் 4. எரிவது அந்த ஒரு சென்டிமீட்டரில்தான். நான் பார்த்த கருகிய யூனிட்களில் பெரும்பாலும் கேபிள் நடுவில் ஒன்றும் ஆகியிருக்காது. டெர்மினல் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் பழுப்பேறி, நகம் வைத்தால் பொடியாக உதிரும். இழைகளை வெறுமனே முறுக்கி ஸ்க்ரூவுக்குக் கீழே விட்டதுதான் காரணம். நுனியில் லக் (உலோக மூடி) வைத்து கிரிம்ப் அடிக்க, அதாவது கருவியால் நசுக்கி இறுக்கச் சொல்லுங்கள், இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றுவது கூடவே கூடாது.

பைப்பை விட்டு வெளியே வந்து யூனிட்டுக்குள் நுழையும் கடைசித் துண்டு வெயிலிலும் மழையிலும் கிடக்கும். வீட்டுக்குள் போடுகிற சாதாரண பிவிசி கேபிள் அங்கே சில வருடங்களில் வெடிப்பு விட்டுவிடும். ஏசி மேனுவல்களில் 60245 ஐஈசி 57 என்று ஒரு எண் வரும், குளோரோப்ரீன் ரப்பர் உறை போட்ட கேபிள், அதை வாங்குங்கள். யூனிட்டுக்குள் நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே போகாது.

எர்த் வயரும் பேஸ் அளவுக்கே, 4. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். யூனிட் பக்கத்தில் மழைக்குத் தாங்கும் ஐசொலேட்டர் (சப்ளையை அங்கேயே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வையுங்கள், சர்வீஸுக்கு வருகிறவர் கீழே ஓடி யாரும் ஆன் பண்ணிவிடாமல் காவல் நிற்க வேண்டியதில்லை. அலுமினியம் கேபிள் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே கரண்ட்டுக்கு இன்னும் தடிமனாக வேண்டும், டெர்மினலில் காப்பரைவிடச் சீக்கிரம் தளர்ந்தும் போகும்.

இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவில் போகும் கேபிளையும் 4 ஆக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சப்ளை அவுட்டோருக்கு வருவதால் அந்த வயரில் உள்ளே இருக்கும் ஃபேன், போர்டு இரண்டுக்கான கரண்ட்டும் சிக்னலும்தான் போகும். மேனுவலில் சொல்லியிருக்கும் அளவு, பெரும்பாலும் 1.5 தான், அதையே போடுங்கள். எந்த எண்ணில் எந்த வயர் என்பதை மட்டும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாறினால் கம்யூனிகேஷன் எரர் காட்டும், சில மாடலில் போர்டே போய்விடும்.