கேளுங்கள், சொல்கிறேன்: ஏழு பேரும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

கேள்வி: அண்ணா, உங்கள் கெம்பஸில் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிற கழகம் தொடங்கிய கதையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அது எப்படி வளர்ந்தது? எங்கள் பெச்சிலும் தொடங்க ஆசை. வீட்டில் "இந்த வயதில் கார்ட்டூனா" என்று சிரிக்கிறார்கள்.
- ஒரு வாசகி, பதுளை

பதில்: சிரிக்கட்டும் தங்கச்சி. அம்மாவிடம் ஓஷின் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரூபவாஹினியில் சிங்களத்தில் போன அந்த ஜப்பான் நாடகத்துக்கு, சிங்களம் அரைகுறையாக விளங்கிய வீடுகளிலும் அழுகை முழுதாகவே வந்தது. 1982இல் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சி நிலையமே ஜப்பான் உதவியில் கட்டியதுதான். அனிமே இயக்குநர் மியாசாகியின் படம் ஒன்று 2003இல் ஒஸ்கார் வாங்கியதையும் சொல்லுங்கள், அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

சரி, கழகம். நாங்கள் ஏழு பேர், ஒரு ஹார்ட் டிஸ்க், விடுதிக் கட்டிலில் ஒரு லெப்டொப். கழகம் என்ற பெயர்கூடக் கிடையாது. படம் கிடைப்பது பிரச்சினை இல்லை, ஆங்கில சப்டைட்டில்தான் பிரச்சினை. ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த என் அறை நண்பன் ஒவ்வொரு வரிக்கும் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துவான், 24 நிமிட எபிசோட் முடிய ஒரு மணித்தியாலம் போகும். மற்றவர்கள் கத்தக் கத்த, கடைசியில் ஒருவர் தமிழிலும் கண்டிப் பையன் ஒருவன் சிங்களத்திலும் கூடவே சொல்லிக்கொண்டு போக ஆரம்பித்தோம். அந்தக் கூத்தைக் கேட்கத்தான் பக்கத்து அறைக்காரர்கள் வந்தார்கள், படத்துக்கு இல்லை. அடுத்த வருடம் அறை போதவில்லை.

அப்புறம் சப்டைட்டிலை நாங்களே எழுதினோம். அது நோட்பேடில் திறக்கிற சாதாரணக் கோப்புதான்: வரி எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம். தங்கை "ஒனீ-சான்" என்று கூப்பிடும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் அண்ணன்காரனின் பெயரைப் போட்டுவிடுவார்கள், நமக்கோ "அண்ணா" கையிலேயே இருக்கிறது. சிங்கள நண்பன் அங்கே "அய்யா" என்று போட்டான், சிங்களத்தில் அண்ணாவுக்கு அதுதான் சொல், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சிரிப்பு. "சென்பாய்"க்குத்தான் இரண்டு நாள் சண்டை. ஒருத்தன் "மூத்தவர்" என்று எழுதிவிட்டு அசையவே இல்லை. "கெம்பஸில எவன்டா மூத்தவரேன்னு கூப்பிடுறான், சீனியர்னு போடு" என்று என் அறை நண்பன் ஒரே போடாகப் போட்டான். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரி ஆகிவிடும், வாசித்து முடிப்பதற்குள் ஆளைக் கொன்றுவிட்டு அடுத்த காட்சி வந்துவிடும், அதனால் வெட்டி வெட்டியே எங்களுக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

2020இல் கொரோனாவுக்குக் கெம்பஸ் மூடியபோது கழகம் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் இல்லாமல் தேயிலை மலை ஏறி லெக்சர் கேட்ட பிள்ளைகள், டேட்டா மிஞ்சினால் எபிசோடையும் அங்கேயே இறக்கிக்கொண்டார்களாம். திறந்ததும் வந்த புதிய பெச்சுக்கு நாங்கள் எதையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் சார்ஜ் உள்ள லெப்டொப்புகளை வரிசையாக வைத்து, ஒன்று அணைய அடுத்ததைத் திறந்தார்களாம். இப்போது கொஸ்ப்ளே, அதாவது பாத்திரங்களைப் போல வேடம் போடுவது எல்லாம் உண்டு. கோயில் திருவிழாவுக்குச் சட்டை தைக்கிற டெய்லரிடம் கிமோனோ தைக்கக் கொடுத்த தங்கச்சி ஒருத்தியின் படம் பார்த்தேன், கை கொஞ்சம் இறுக்கம், மற்றபடி அருமை.

நீங்கள் உடனே பதிவுக்கு ஓடாதீர்கள். யாப்பு என்கிற கழக விதிகள், பெரும்பொருளாளராக ஒரு விரிவுரையாளர், கூட்டக் குறிப்பு என்று அதிலேயே ஒரு தவணை போய்விடும். எங்களுக்கு மண்டபம் கேட்ட கடிதத்துக்கு மட்டும் நாலு கையெழுத்து. முதலில் ஓர் அறையில் போட்டுக் காட்டுங்கள், சப்டைட்டிலை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்றையும் கொண்டு போங்கள், பிளக் பொயின்ட் எப்போதும் பின்சுவரில்தான் இருக்கும்.