பழைய கார்டா, புதிய கார்டா? கிராஃபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

கேட்பவர்கள் மூன்று விவரம் தரவும்: கார்டின் முழுப்பெயர் வி-ரேம் (கார்டின் சொந்த மெமரி) அளவோடு, பிராசசர், மானிட்டர் ரெசல்யூஷன். "நல்ல கார்டு எது" என்று மட்டும் கேட்டால் பதில் வராது.

பிக்சல் பாண்டி: அண்ணா, ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டிலும் 3584 கூடா கோர்தான். அப்போ வேகமும் ஒன்றுதானே?

கூடா கோர் என்பது கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகு. எண் ஒத்துப்போனது தற்செயல். 3060-இன் ஆம்பியர் தலைமுறை வடிவமைப்பில் பாதி கோர்கள் தசமக் கணக்கை மட்டும் செய்யும். மறுபாதி தசமக் கணக்கோ முழு எண் கணக்கோ, ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் செய்யும். கேம்களில் மெமரி முகவரி கணக்கிடுவது போன்ற முழு எண் வேலை வந்துகொண்டே இருப்பதால், பெட்டியில் போட்ட எண்ணிக்கை முழுதாகக் கைக்கு வராது. 2080 டிஐ-க்கு 4352 கோர், சுமார் 13.4 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு லட்சம் கோடி தசமக் கணக்கு). 3070-க்கு 5888 கோர், சுமார் 20.3. காகிதத்தில் ஒன்றரை மடங்கு. கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். கோரையும் டெராஃப்ளாப்ஸையும் ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

உங்கள் ஜோடிக்கு வருவோம். ரே டிரேசிங் (ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து வெளிச்சம் வரையும் முறை) இல்லாத கேம்களில் 1080 டிஐ இன்னும் 3060-க்கு ஈடுகொடுக்கும், சிலவற்றில் சற்று முந்தும். அதன் மெமரி வேகம் நொடிக்கு 484 ஜிபி, 3060-க்கு 360. ஆனால் மெஷ் ஷேடர் (காட்சியின் வடிவங்களைக் கையாளும் புதிய முறை) பழைய கார்டில் இல்லை. 2023-இல் ஆலன் வேக் 2 வந்தபோது 1080 டிஐ அதில் திணறியது இதனால்தான். 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். 1080 டிஐ-யின் தலைமுறையான பாஸ்கல் கார்டுகளுக்குப் புதிய கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும். மின்சாரம் 1080 டிஐ-க்கு 250 வாட், 3060-க்கு 170. கையில் 1080 டிஐ இருந்தால் 3060-க்கு மாறுவது வீண். இல்லாதவர் இன்று 1080 டிஐ-யைத் தேடிப் போவது அதைவிட வீண்.

நைட்ரைடர்: 4060 வாங்கினேன், மதர்போர்டு பிசிஐஇ 3.0. வேகம் போய்விடுமா சார்?

வி-ரேம் நிரம்பாத வரை பெரிதாகப் போகாது. பிசிஐஇ என்பது கார்டையும் போர்டையும் இணைக்கும் வழி. 4060-இல் 8 லேன் (தடம்) மட்டுமே இணைப்பு. 4.0-இல் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, 3.0-இல் அதில் பாதி. 8 ஜிபி நிரம்பி வழிந்தால் டெக்ஸ்சர்கள் சிஸ்டம் ரேமிலிருந்து இந்தக் குறுகிய வழியாக வரவேண்டும். அங்கேதான் திக்கும். டெக்ஸ்சரை ஒரு படி குறையுங்கள். இதில் மிக மோசமானது 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: 4 லேன்தான். 3.0 போர்டில் அதைப் போடவே போடாதீர்கள்.

ஜிபியு-இசட் (கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், மின்சாரம் மிச்சப்படுத்துகிறது. பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மை தெரியும். புதுக் கார்டுக்காக பவர் சப்ளை மாற்றினால் பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை மறுபடி செருகாதீர்கள். சப்ளை பக்கத்து முனையில் பின்களின் (ஊசிகளின்) வரிசை மாடலுக்கு மாடல் மாறும், கார்டு எரியும்.

ஸ்கோர் செல்வி: பழைய கார்டையும் புதியதையும் நானே எப்படி ஒப்பிடுவது?

பழைய கார்டின் அளவுகளை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு டிடியு என்ற மென்பொருளால் டிரைவரை முழுதாக நீக்கி, கார்டை மாற்றி, புதிய டிரைவர் போடுங்கள். கேமில் விசின்க் (ஃபிரேம் வேகத்தை மானிட்டருக்குக் கட்டுவது), அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்குவது), ஃபிரேம் ஜெனரேஷன் (நிஜ ஃபிரேம்களுக்கு இடையே உருவாக்கிய படங்களைச் செருகுவது) மூன்றையும் அணையுங்கள். ஒரே காட்சியை நான்கு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். அப்போது ஷேடர் தொகுப்பு (கேமின் வரையும் நிரல்களைக் கார்டுக்கு ஏற்ப மாற்றும் வேலை) நடந்துகொண்டிருக்கும். ஃபிரேம் அளக்கும் மென்பொருளான கேப்ஃபிரேம்எக்ஸில் சராசரியோடு 1% லோவையும் (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) குறியுங்கள். சராசரி 90, லோ 35 என்றால் அந்தக் கார்டு கையில் 90 போல இருக்காது. ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு 95%-க்குக் கீழே நின்றால் பெரும்பாலும் பிராசசர்தான் தடை. அந்த எண்ணை வைத்துக் கார்டுகளை ஒப்பிட முடியாது.

லேப்டாப் லோகு: லேப்டாப் 4060, டெஸ்க்டாப் 3060, எது வேகம்?

லேப்டாப் என் துறை இல்லை. ஒன்று மட்டும்: லேப்டாப் 4060 ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வருகிறது. உங்கள் மாடலின் வாட்டைப் பார்க்காமல் எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள்.

கேம்பாய்: எது பெஸ்ட் கார்டு ப்ரோ?

மேலே முதல் வரி.

டர்போ தாஸ்: ஃபிரேம் ஜெனரேஷனை ஏன் அணைக்கணும்? 5070-ஐ 4090-க்குச் சமம்னு 2025 தொடக்கத்தில் என்விடியா கம்பெனியே மேடையில் சொன்னதே.

அந்த ஒப்பீடு ஒரு நிஜ ஃபிரேமுக்கு மூன்று உருவாக்கிய ஃபிரேம் சேர்த்தது. 4090 ஒன்றுதான் சேர்க்கும். அணைத்துவிட்டு அளந்தால் 5070 பக்கத்திலேயே வராது.

டர்போ தாஸ்: திரையில் 120 தெரியுதுன்னா 120 தானே?

ஸ்கோர் செல்வி: கையில் 30 மாதிரி இருக்கே தாஸ்!

செல்வி சொல்வதுதான் கணக்கு. நிஜ ஃபிரேம் 30 என்றால் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிசெகண்ட். இடைப்பட்ட படத்தை வரைய அடுத்த நிஜ ஃபிரேம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும், ஆகவே தாமதம் கூடுகிறதே தவிரக் குறையாது. உங்கள் மவுஸ் அசைவு நிஜ ஃபிரேமில் மட்டுமே பதிவாகிறது. அதோடு அந்தப் படங்களை வரைவதற்கே ஜிபியு நேரம் செலவாவதால் நிஜ ஃபிரேம் எண்ணிக்கையும் சற்று இறங்கும். 60-க்கு மேல் இருக்கும்போது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப அது அருமையான வசதி. 30-ஐக் காப்பாற்ற அது உதவாது.

டர்போ தாஸ்: கதை கேம் ஆடுறவனுக்கு லேட்டன்சி (தாமதம்) பத்தி என்ன கவலை? கண்ணுக்கு வழவழன்னு இருந்தா போதும்.

கன்ட்ரோலரில் நிதானமாக ஆடுபவருக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பார்க்கும் சுகத்தின் அளவு. இரண்டு கார்டின் பலத்தை ஒப்பிடும் அட்டவணையில் அதற்கு இடமில்லை. இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அரைநிலவு: 4060 டிஐ-க்கு 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் வழியின் அகலம்), 3060 டிஐ-க்கு 256. அப்போ புதியது மட்டமா?

1080பி-யில் இல்லை. எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி) 4 எம்பியிலிருந்து 32 எம்பி ஆனதால் வெளி மெமரியைத் தொடவேண்டிய தேவை குறைகிறது. 4கே-யில் அந்தக் கேஷ் போதாமல் இடைவெளி சுருங்கும், சில கேம்களில் பழையது முந்தும்.

வேகப்பிரியன்: 2080 டிஐ-க்கு 4352 கோர், 4060 டிஐ-க்கும் 4352. சமமா?

பாண்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோர் கணேஷ்: 3584 கோர்...

பாண்டி.

புதுமுகம்: பழைய ஜிடிஎக்ஸ் 1060-ஐ மாற்ற, கைமாறி வரும் 3060 பார்த்திருக்கேன். 8 ஜிபி என்று போட்டிருக்கு. சரியா சார்?

நிறுத்துங்கள். 3060 முதலில் வந்தது 12 ஜிபியில், 192 பிட், 360 ஜிபி வேகம். 2022 இறுதியில் வந்த 8 ஜிபி ரகம் 128 பிட், 240 ஜிபிதான். பெயர் ஒன்று, கார்டு வேறு. உங்கள் 1060-உம் அப்படித்தான்: 6 ஜிபியில் 1280 கோர், 3 ஜிபியில் 1152. 12 ஜிபி கிடைக்கும்வரை காத்திருங்கள். வாங்கும் முன் ஜிபியு-இசட் படம் கேட்டு, பஸ் விட்த் 192 என்று இருக்கிறதா பாருங்கள். பவர் சப்ளையும் மாற்றுகிறீர்களா? பழைய கேபிள் வேண்டாம்.