அதே பக்கம் போனில வருது, லப்டொப்பில நடுவில வெறும் வெள்ளை, என்ன செய்யலாம்?

கேட்டவர் எழுதினதில இருந்து நான் விளங்கிக்கொண்டது: தங்கச்சிக்கு ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப வேணும், திறந்தா மேல தலைப்பும் லோகோவும் வருது, ஃபோம் வரவேண்டிய இடம் வெள்ளையா நிக்குது. லப்டொப் விண்டோஸ் 7, பாவிச்சது வாங்கினது, நெற் போன் ஹொட்ஸ்பொட்டில.

கடைசித் திகதி கிட்ட எண்டால் இப்ப லப்டொப்போட மினக்கெடாதேங்கோ. போன் குரோமில மூண்டு புள்ளியை அமத்தி டெஸ்க்டொப் சைற் எண்டதைப் போட்டு நிரப்பி அனுப்பிட்டு, பிறகு ஆறுதலா இதைப் பாருங்கோ. நான் கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில கொமினிகேசன் கடை வச்சிருக்கிறன், விசுவமடு தருமபுரம் பக்கத்தில இருந்தெல்லாம் பிள்ளையள் பஸ்ஸேறி "அண்ணை பக்கம் வரேல்ல" எண்டு வருதுகள், கனக்கத் தரம் அது வீட்டிலயே சரிப்பண்ணியிருக்கக் கூடிய விசயம், அதாலதான் கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

வயலுக்கு இரணைமடுத் தண்ணி வரேல்லையெண்டால் குளத்தில இருக்கோ, வாய்க்காலில வருதோ, எங்கட வயல் வாய் அடைச்சிருக்கோ எண்டு ஒவ்வொண்டாப் பார்ப்பமெல்லே, இதுவும் அப்பிடித்தான்: பக்கத்தை வச்சிருக்கிற அவையின்ர கொம்பியூட்டர் (சேர்வர்), இடையில நெற் லைன், பக்கத்தைத் திறந்து காட்டுற உங்கட பிரவுசர் (குரோம் மாதிரி). அதே ஹொட்ஸ்பொட் குடுக்கிற போனில பக்கம் முழுசா வருது எண்டால் முதல் ரெண்டும் பெரும்பாலும் சரி. பிழை லப்டொப்பிலதான். (வட்ஸ்அப் பேஸ்புக் மட்டும் ஓடி மற்ற ஒரு சைற்றும் திறக்கேல்லையெண்டால் அது வேற கதை, சோசல் மீடியா பக்கேஜ் மட்டும் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ.)

தலைப்பு வந்து நடு வராததுக்குக் காரணம் இருக்கு. தலைப்பு, லோகோ எல்லாம் பக்கத்தின்ர அடிப்படை எழுத்தான எச்டிஎம்எல்லில நேர வந்திடும், ஆனா ஃபோம் மாதிரியான சாமானை இப்பத்தைய சைற்றுகள் ஜாவாஸ்கிரிப்ட் எண்ட, பிரவுசருக்குள்ள ஓடுற புரோகிராம் ஓடினாப் பிறகுதான் கட்டிக் காட்டுது. அந்த ஸ்கிரிப்டில பழைய பிரவுசருக்கு விளங்காத புது எழுத்துமுறை ஒரு இடத்தில இருந்தாலே அந்த ஃபைல் முழுக்க ஓடாது, பக்கத்தில ஒரு எச்சரிக்கையும் வராது, வெள்ளையா நிக்கும். சிக்னல் குறைஞ்ச இடத்தில அந்தப் பெரிய ஸ்கிரிப்ட் ஃபைல் பாதியில அறுந்தாலும் இதே வெள்ளைதான்.

அதால முதல்ல கொன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூண்டையும் சேர்த்து அமத்துங்கோ, பழசா சேமிச்சு வச்சதை விட்டிட்டு புதுசா இறக்கும். சரிவராட்டி கொன்ட்ரோல் ஷிப்ட் என், இன்கொக்னிற்றோ எண்ட தனி விண்டோ திறக்கும், அதில எக்ஸ்டென்சனுகள் (பிரவுசரில பிறகு ஏத்தின துணைப் புரோகிராமுகள்) வழமையா ஓடாது, அங்க ஃபோம் வந்தா குற்றவாளி விளம்பரம் மறிக்கிற அட் புளொக்கரோ வேற எக்ஸ்டென்சனோதான், ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாருங்கோ, எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா எது காரணமெண்டு தெரியாமலே போயிடும்.

ரெண்டிலயும் வரேல்லையெண்டால் எனக்கு விண்டோஸ் 7 மேலதான் சந்தேகம். அதுக்குக் குரோம் கடைசியா வந்தது 109, 2023 ஜனவரியில, அதுக்குப் பிறகு புதுசு ஏறாது. உங்கடதில அதையும் விடப் பழசு இருக்கலாம், குரோமின்ர மூண்டு புள்ளியை அமத்தி ஹெல்ப்புக்குள்ள அபௌட்டில போய் நம்பரைப் பாருங்கோ. பயர்பொக்ஸ் 115தான் விண்டோஸ் 7இல ஓடுற கடைசி, அதின்ர இஎஸ்ஆர் எண்ட, கன காலத்துக்குத் திருத்தம் வாற பதிப்பை இறக்கிப் போட்டுப் பாருங்கோ, அதோட கன இடத்தில சரிவந்திருக்கு. சில பேர் உடன போர்மட் அடிக்கச் சொல்லுவினம், தயவுசெய்து இப்ப அதைச் செய்யாதேங்கோ, படிப்புச் சாமான் படமெல்லாம் போயிடும்.

திகதியையும் ஒருக்காப் பாருங்கோ. பழைய மெசினில, நிப்பாட்டி வச்சாலும் நேரத்தை ஓடவைக்கிற சிமோஸ் பற்றரி செத்தா திகதி பழைய வருசத்துக்குப் போயிடும், அப்ப சைற் உண்மையானதெண்டு காட்டுற எச்ரிரிபிஎஸ் சான்றிதழ் செல்லாது எண்டு பிரவுசர் பக்கத்தையே மறிக்கும், ஆனா அப்ப வெள்ளை இல்லை, எச்சரிக்கைதான் வரும். டெஸ்க்டொப் எண்டால் உள்ள இருக்கிறது அநேகமா சிஆர்2032, சின்னக் காசு மாதிரிப் பற்றரி, வாங்கி மாத்தலாம்.

கீழ இன்னொருத்தர் ஊர்க் கோயில் பழைய சைற்றில எழுத்தெல்லாம் இங்கிலீசில குழம்பி வருது எண்டு கேட்டிருக்கிறார். அது வேற நோய். இங்கிலீஸ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைக் காட்டுற பாமினி மாதிரிப் பழைய ஃபொண்டில அடிச்சு, ஃபொண்டை இஓரி எண்ட வகை ஃபைலா பக்கத்தோட சேர்த்து விட்டவை, அதை இன்ரநெற் எக்ஸ்புளோரர் மட்டும்தான் எடுக்கும், அந்த எக்ஸ்புளோரரையும் 2022 ஜூனில நிப்பாட்டியாச்சு. பக்கம் அழிஞ்சு போகேல்ல, எழுத்து அப்பிடியே கிடக்கு, கொப்பி பண்ணி, பாமினியை யூனிகோட்டுக்கு (இப்ப எல்லா இடத்திலயும் வாற எழுத்துமுறை) மாத்திற கருவியில போட்டா தமிழ் வந்திடும். இடம்பெயர்ந்து கடதாசி எல்லாம் துலைஞ்ச எங்கட சனத்துக்கு மரண அறிவித்தல், பழைய மாணவர் பட்டியல் எண்டு அதுகளிலதான் சிலது மிஞ்சிக் கிடக்கு, வாசிக்க ஏலாது எண்டு தூக்கி எறியாமல் மாத்தி எடுத்து வையுங்கோ.

விண்ணப்பக்காரருக்கு: எல்லாம் செய்தும் வெள்ளைதான் எண்டால் எப்12 அமத்தி கொன்சோல் எண்ட இடத்தில சிவப்பா வாற முதல் வரியை எனக்குக் கீழ எழுதுங்கோ, குரோம் நம்பரோட. படம் போடுறதெண்டால் தங்கச்சியின்ர பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் மறைச்சுப்போட்டுப் போடுங்கோ.