நோக்கம் இருந்தவரெல்லாம் கொலைகாரரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 1888-ல் லண்டனில் பெண்களைக் கொன்று, பிடிபடாமலே போன ஜாக் தி ரிப்பர் பற்றியவை. அடுத்த இடம் கொலையுண்ட சோழ இளவரசன், ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனுக்கு. ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தலைப்பு மட்டும் எழுதிவிட்டு "விளக்கவும்" என்று முடித்தவர்களுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: விக்டோரியா ராணியின் பேரன்தான் ரிப்பர், அரண்மனை மூடி மறைத்துவிட்டது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

இல்லை. 1888 செப்டம்பர் 30 அதிகாலை லண்டனில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டபோது இளவரசர் ஆல்பர்ட் விக்டர் ஸ்காட்லாந்தில் இருந்தார். நடுவே சுமார் 800 கிலோமீட்டர். அடுத்த கேள்வி.

கேள்வி: போலீஸ் உயரதிகாரி மெக்னாட்டனே மூன்று பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். போலீசுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?

மெக்னாட்டன் வேலையில் சேர்ந்தது 1889-ல். கொலைகள் நடந்தது 1888-ல். குறிப்பு எழுதியது 1894-ல். ஆக, அவர் விசாரணை செய்தவர் அல்ல, விசாரணையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்.

அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பாருங்கள். ட்ரூயிட்டை டாக்டர் என்கிறார். அவர் வக்கீல், பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தினார். வயதிலும் ஏறக்குறைய பத்து வருடம் தப்பு. ஆஸ்ட்ரோக் என்ற ரஷ்ய மோசடிப் பேர்வழி கொலைகள் நடந்த மாதங்களில் பிரான்சில் காவலில் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. மூன்றாமவர் காஸ்மின்ஸ்கி, அவரைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். ட்ரூயிட்டின் மேல் இருப்பது என்ன? கடைசிக் கொலைக்குப் பிறகு டிசம்பர் இறுதியில் தேம்ஸ் நதியில் அவர் பிணம் கிடைத்தது, கொலைகளும் நின்றன. அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில் லண்டனில் செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

அதிகாரி எழுதியது என்பதற்காகக் குறிப்பை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். எழுதியவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். மெக்னாட்டன் "தனிப்பட்ட தகவல்" என்கிறார். யார் சொன்னது என்று எழுதவில்லை.

கேள்வி: டி.என்.ஏ. சோதனையில் காஸ்மின்ஸ்கி என்று நிரூபணம் ஆகிவிட்டதே! இன்னும் எதற்கு இந்த ஆராய்ச்சி?

நிரூபணம் ஆகவில்லை. சோதிக்கப்பட்டது ஒரு பட்டுச் சால்வை. மைட்டர் சதுக்கத்தில் கொல்லப்பட்ட கேத்தரின் எடோஸின் உடலருகே கிடந்தது, சிம்ப்சன் என்ற போலீஸ்காரர் எடுத்துப்போனார், குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்கிறார்கள். இதற்கு 1888-ஆம் வருடத்துக் காகிதம் ஒன்றுகூட இல்லை. சிம்ப்சன் மெட்ரோபாலிடன் போலீஸ், மைட்டர் சதுக்கமோ வேறு படையான சிட்டி போலீசின் எல்லை.

எடோஸின் உடைமைகளைப் போலீஸ் பட்டியல் போட்டிருக்கிறது. எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? தேயிலை ஒரு தகர டப்பா, சர்க்கரை ஒன்று, சோப்புத் துண்டுகள், உடைந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு பாகம், சிவப்புக் கையுறை ஒற்றை, காலி தீப்பெட்டி, வெள்ளைத் துணிக் கிழிசல்கள் பன்னிரண்டு. கிழிசலை எண்ணி எழுதியவர்கள் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பட்டுச் சால்வையைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

சரி, சால்வை அசல் என்றே வைத்துக்கொள்வோம். 2019-ல் வெளிவந்த கட்டுரையில் இருப்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய்வழியில் வருவது, ஒரே வகை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொதுவாக இருக்கும். ஒருவரைக் கழிக்க அது உதவும், ஒருவரை மட்டும் சுட்டிக்காட்ட உதவாது. நூறு வருடத்துக்கு மேல் எத்தனையோ பேர் வெறுங்கையால் தொட்ட துணி வேறு. சோதனைக்கூடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பொருள் கைமாறிய வரலாறு அறுந்திருந்தால் முடிவும் அறுந்ததுதான்.

காஸ்மின்ஸ்கியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்குங்கள் என்று சொல்லவில்லை. ஆண்டர்சன், ஸ்வான்சன் என்ற இரண்டு மூத்த அதிகாரிகளின் பிற்காலக் குறிப்புகள் அவர் பக்கம் கை காட்டுகின்றன. அதிலும் ஸ்வான்சன், அந்த ஆள் மனநோய் விடுதியில் சீக்கிரமே இறந்துவிட்டதாக எழுதுகிறார். ஆரன் காஸ்மின்ஸ்கி 1919 வரை உயிரோடு இருந்தார்.

கேள்வி: ரிப்பர் எழுதிய கடிதத்தின் கையெழுத்து ஓவியர் சிக்கர்ட்டின் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதாமே?

எந்தக் கடிதம் ஐயா? ரிப்பர் பெயரில் வந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது கொலைகாரன் எழுதினான் என்று காட்ட வழியில்லை. "ஜாக் தி ரிப்பர்" என்ற பெயரைக் கொடுத்த முதல் கடிதத்தையே ஒரு பத்திரிகைக்காரரின் கைவேலை என்று அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். சிக்கர்ட் ஒரு கடிதம் எழுதினார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் விஷமக் கடிதம் எழுதினார் என்றுதான் ஆகும்.

கேள்வி: முதல் உடலைக் கண்டெடுத்த வண்டிக்காரர் போலீசிடம் வேறு பெயர் சொன்னார். இது போதாதா?

போதாது. கிராஸ் என்று அவர் சொன்னது வளர்ப்புத் தகப்பனாரின் குடும்பப் பெயர். வீட்டு முகவரியை மாற்றிச் சொல்லவில்லை. இருந்தாலும் இந்தக் கட்சிக்கு ஒரு மரியாதை கொடுப்பேன்: ஆள் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் இருந்தார் என்பது உறுதி. நீங்கள் அனுப்பும் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுகூட இல்லை. ஆனால் உடல் கிடந்தால் யாராவது ஒருவர் முதலில் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

கேள்வி: ஆதித்த கரிகாலனைக் கொல்ல வைத்தது உத்தம சோழன்தான். அவருக்குத்தானே பட்டம் கிடைத்தது? கல்வெட்டே இருக்கும்போது ஏன் மழுப்புகிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன். மாதம் தவறாமல் வரும் கேள்வி இது. வரும் கோபமும் அதே அளவில்தான் இருக்கிறது.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். நந்தினி, கடம்பூர் மாளிகை, இருட்டில் எறிந்த கத்தி எல்லாம் நாவல். நாவலாசிரியர் கதை எழுதினார், சாட்சி சொல்லவில்லை. கொலை எந்த ஊரில், எந்த ஆயுதத்தால், எப்படி நடந்தது என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் கிடையாது. "கடம்பூரில் அன்று இரவு" என்று தொடங்கும் கடிதங்களை நான் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை.

கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கொலை நடந்து 15, 20 வருடம் கழித்து வெட்டியது. "பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று சொல்லி, சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், இவர்கள் உடன்பிறந்த மலையனூரான் என்று அடுக்குகிறது. இவர்கள், இவர்களுடைய பிள்ளைகள், பெண்டுகள், உறவுக்காரர்கள் ஆகியோரின் சொத்து பற்றியது அரசாணை. கவனியுங்கள், இது நில விவகாரம். கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. யார் ஏவினார்கள் என்ற பேச்சு இதில் இல்லை. குற்றவாளிகள் எப்போது பிடிபட்டார்கள் என்பதும் இல்லை. உத்தம சோழன் பெயரோ, அவரைச் சுட்டும் ஜாடையோ எங்கும் இல்லை.

இரண்டு, திருவாலங்காட்டுச் செப்பேடு. ராஜேந்திரன் காலம், கொலைக்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம். ஆதித்தன் வானுலகைக் காணும் ஆசையில் மறைந்தான், மக்கள் அருண்மொழியை, அதாவது பின்னாளைய ராஜராஜனை, பட்டமேறச் சொன்னார்கள், சித்தப்பன் உத்தமனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் ஒதுங்கினான் என்று சமஸ்கிருதச் செய்யுள் சொல்கிறது. இதிலிருந்துதான் நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மேல் சந்தேகம் கொண்டார். சாஸ்திரி பெரிய அறிஞர், சந்தேகமில்லை. ஆனால் செய்யுள் சொல்வது பட்டத்து ஆசையை. ஆசையிலிருந்து கொலைக்குப் போகும் பாலத்தைக் கட்டியது சாஸ்திரி. சதாசிவ பண்டாரத்தார் முதலிய பலர் அதை அன்றே ஏற்கவில்லை.

"ராஜராஜன் வந்த பிறகுதானே சொத்தைப் பறித்தார்கள்? பதினைந்து வருடம் உத்தமன் கொலைகாரர்களைக் காப்பாற்றினார்" என்பது அடுத்த வாதம். சொத்து விவகாரம் முடிந்த தேதியை விசாரணை தொடங்கிய தேதியாக எடுத்துக்கொள்வதில் வருகிற கோளாறு இது. நிலத்தகராறு எத்தனை வருடம் இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

லாபம் யாருக்கு என்று கேட்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால், அதை முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஆதித்தன் இல்லாமல் போனதால் கடைசியில் அரியணை ஏறியவர் தம்பி ராஜராஜன். அப்படியானால் அவரையும் கூண்டில் ஏற்றுவீர்களா? ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், குந்தவையையும் சேர்த்து! வீரபாண்டியன் தலையை வெட்டியவன் ஆதித்தன். ஆகவே பாண்டியர் தரப்புக்கு லாபமும் உண்டு, வஞ்சமும் உண்டு. உத்தமனோ தன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இருக்க, இளவரசுப் பட்டத்தை அருண்மொழிக்குக் கொடுத்தார். அந்த மகன் ராஜராஜனிடமே அதிகாரியாக வேலை பார்த்தார். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் ஆட்சியில் மதிப்போடு வாழ்ந்தார். அண்ணனைக் கொன்றவனின் குடும்பத்தை நடத்துகிற விதமா இது? இதுவும் நிரூபணம் இல்லை என்று எனக்குத் தெரியும். எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய எடை என்றுதான் சொல்கிறேன்.

பாண்டியனைக் குறிக்கும் "பஞ்சவன்" என்ற பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாண்டிய சதி என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணன் பட்டத்தில் பஞ்சவன் இருந்தால் தம்பி பட்டத்தில் சோழன் இருக்கிறான். பட்டம் காட்டுவதெல்லாம் இவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் என்பதை. அரசனின் பிள்ளையை நெருங்க வாய்ப்பிருந்த உள்ளாட்கள்.

என் கணக்கு: சகோதரர்கள் கொன்றார்கள் என்பது அரசு ஆவணம், ஏற்கிறேன். பின்னால் யாராவது இருந்தார்களா என்பதில் பாண்டியப் பழிக்கு ஒரு மாற்று அதிகம் கொடுப்பேன். உத்தமன்மேல் குற்றம் சாட்ட ஆவணம் இல்லை.

கேள்வி: லட்சுமிகாந்தன் கொலையை உண்மையில் செய்தது யார்?

நோக்கம் சாட்சியம் ஆகாது என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல வழக்கு கிடையாது. "சினிமா தூது", "இந்து நேசன்" என்று பத்திரிகை நடத்தி, நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்ஷாவில் போகும்போது குத்துப்பட்டார், மறுநாள் இறந்தார். அவர்மேல் கோபமாக இருந்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினால் பாதி கோடம்பாக்கம் நின்றிருக்கும். எல்லோருக்கும் நோக்கம் இருக்கிற இடத்தில் நோக்கம் எதையும் பிரித்துக் காட்டாது.

தியாகராஜ பாகவதருக்கும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் தண்டனை விழுந்தது, உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை ஏற்று வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947-ல் இருவரும் விடுதலை ஆனார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் போனது, பாகவதரின் திரைவாழ்வு பழையபடி எழவே இல்லை. நீதிமன்றம் விடுவித்தவர்களை "இருந்தாலும்…" என்று இழுக்கிற கடிதங்களை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: லிசி போர்டன் விடுதலை ஆனது சரியா?

தகப்பனாரையும் சிற்றன்னையையும் கொன்றதாக லிசிமேல் வழக்கு. நோக்கத்தைவிட நேரம் பேசுகிற வழக்கு இது. 1892 ஆகஸ்ட் 4, அமெரிக்காவின் ஃபால் ரிவர். சிற்றன்னை காலை ஒன்பதரை வாக்கில் செத்திருக்கிறார், தகப்பனார் பதினொன்று வாக்கில். ரத்தம் உறைந்த நிலையும் இரைப்பையில் உணவு இருந்த நிலையும் அதைக் காட்டின. வெளியாள் என்றால், ஒன்றரை மணி நேரம் அந்தச் சின்ன வீட்டுக்குள் லிசியின் கண்ணிலும் வேலைக்காரப் பெண்ணின் கண்ணிலும் படாமல் பதுங்கியிருக்க வேண்டும். முதலில் செத்தது சிற்றன்னை என்பதால் அவர் பங்கு அவருடைய உறவினர்களுக்குப் போகவில்லை, மகள்களுக்கே வந்தது.

ஆனால் அவள் உடம்பிலோ உடையிலோ ரத்தம் இல்லை. சில நாள் கழித்து ஒரு கவுனை எரித்தாள், சரி. அதில் ரத்தம் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஜூரி விடுவித்தது சட்டப்படி சரி. எனக்குச் சந்தேகம் போகவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கேள்வி: லண்டன் கோபுரத்து இளவரசர்களின் எலும்பு கிடைத்துவிட்டதே, மூன்றாம் ரிச்சர்ட்தானே குற்றவாளி?

இளவரசர்கள் ரிச்சர்டின் அண்ணன் பிள்ளைகள், 1483-ல் காணாமல் போன சிறுவர்கள். கோபுரத்தில் 1674-ல் கிடைத்த எலும்புகள் யாருடையவை என்பதே முடிவாகவில்லை. 1933-ல் ஒருமுறை பார்த்தார்கள், டி.என்.ஏ. சோதனை நடக்கவில்லை. கொலை என்பதே இன்னும் ஊகம். ரிச்சர்டின் காவலில் இருந்தபோது காணாமல் போனார்கள் என்பதால் அவருக்கு முதலிடம், அதற்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே வழக்கு 2020-ல் முடிந்துவிட்டது. இனி அது "தீராத வழக்கு" இல்லையே?

அரசு வழக்கறிஞர் ஒரு பெயரைச் சொல்லிக் கோப்பை மூடினார். அந்த ஆள் இறந்தது 2000-ல். துப்பாக்கி கிடைக்கவில்லை. செத்தவர் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 1989-ல் வேறொருவருக்கு இதே கொலைக்குத் தண்டனை கொடுத்து, அதே வருடம் மேல்முறையீட்டில் விடுவித்த நாடு அது. கோப்பை மூடினால் வழக்கு தீர்ந்ததாகாது.

கேள்வி: ரிப்பர் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். 140 பக்கம் எழுதியிருக்கிறேன், ஜாதகக் கணிப்பும் சேர்த்திருக்கிறேன். அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 8, செப்டம்பர் 30, நவம்பர் 9: இந்த நான்கு நாள் அதிகாலையிலும் உங்கள் ஆள் எங்கே இருந்தார் என்பதற்கு 1888-லேயே எழுதப்பட்ட ஒரு தாளாவது முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஜாதகப் பக்கங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.