மோட்டார் உறுமுகிறது, விற்றவர் கைவிரிக்கிறார்

கேள்வி: பாலக்கோட்டில் மரப் பெயர்ப்பலகை செய்து பிழைக்கிறேன். ஆன்லைனில் 3018 சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தில் செதுக்கும் சின்ன மெஷின்) ஒன்று வாங்கி நானே பூட்டினேன். பாதி வேலையில், வெட்டும் தலையை இடவலமாக நகர்த்தும் எக்ஸ் மோட்டார் நகராமல் உறுமுகிறது. அதற்கப்புறம் வெட்டும் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி விழுகிறது. விற்றவரோ, "பூட்டியதில்தான் கோளாறு, அதுவும் தொழிலுக்கு வாங்கியது, திருப்பி எடுக்க முடியாது" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: புகார் எழுதுமுன் கோளாறு எங்கே என்று நீங்களே பிடித்துவிடுங்கள். "மெஷின் ஓடவில்லை" என்று எழுதினால், பூட்டத் தெரியவில்லை என்று ஒரே வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். "எக்ஸ் டிரைவர் பழுது, வீடியோ இணைத்திருக்கிறேன்" என்றால் அவ்வளவு சுலபமாகத் தட்ட முடியாது. (டிரைவர் என்பது மெஷினின் கட்டுப்பாட்டு போர்டில் இருந்து மோட்டாரை ஓட்டும் சிப்.)

கரண்டை நிறுத்திவிட்டு லீட் ஸ்க்ரூவை (மோட்டார் சுற்ற, தலையை நகர்த்தும் மரை போட்ட நீளக் கம்பி) கையால் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை சுற்றுங்கள். எங்கேயாவது இறுகினால் கம்பி வளைந்திருக்கலாம், அல்லது நட் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அடுத்து மோட்டார் தண்டு, லீட் ஸ்க்ரூ, இரண்டையும் இணைக்கும் கப்ளிங் மூன்றின் மேலும் மார்க்கரால் ஒரே நேர்கோடு போட்டு, மெஷினை ஓட்டிப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் கப்ளிங் வழுக்குகிறது. அலன் கீயால் இறுக்கினால் தீர்ந்தது, புகாருக்கே வேலையில்லை.

இரண்டும் சரியாக இருந்தால், பிட்டை (வெட்டும் அலகை) மரத்துக்கு மேலே தூக்கி வைத்து அதே வேலையைக் காற்றில் ஓட்டுங்கள். காற்றில் ஒழுங்காக ஓடி மரத்தில் மட்டும் தடுமாறினால், அந்தச் சின்ன மோட்டாரால் தாங்க முடியாத சுமையைக் கொடுக்கிறீர்கள். 30க்கு 18 செ.மீ. மேசை மெஷின் அது, மர அறுப்பு மில் இல்லை. அரை மில்லிமீட்டராக இறக்கி வெட்டுங்கள். மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் செட்டிங்கில் எக்ஸ் அச்சின் உச்ச வேகம் $110, முடுக்கம் $120. இரண்டையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

காற்றிலும் உறுமுகிறதா? அப்படியானால் போர்டில் எக்ஸ், ஒய் மோட்டார் ஒயர்களை இடம் மாற்றிச் செருகுங்கள். கரண்டை முழுக்க அணைத்த பிறகுதான். ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் சிப் அங்கேயே போய்விடும், அந்தப் பழியும் உங்கள் தலையில் விழும். ஒயரை மாற்றியபின் எக்ஸ் கட்டளை கொடுத்தால் ஒய் மோட்டார் சுற்ற வேண்டும். இப்போது ஒய் மோட்டார் உறுமினால் குற்றவாளி போர்டில் இருக்கும் எக்ஸ் டிரைவர். ஒய் நன்றாகச் சுற்றி, ஒய் கட்டளைக்குப் பழைய எக்ஸ் மோட்டாரே மறுபடியும் உறுமினால் கோளாறு அந்த மோட்டாரில் அல்லது அதன் ஒயரில். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் இரண்டு காயில்களில் ஒன்றின் தொடர்பு அறுந்திருக்கும். இந்தச் சோதனையை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

எழுத்து தள்ளிப்போகாமல், அளவு மட்டும் எப்போதும் ஒரே விகிதத்தில் தவறினால் அது பழுதே இல்லை, ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100 மதிப்பு பொருந்தவில்லை. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் பிரிப்பது 16 பங்கு, ஒரு சுற்றில் 4 மி.மீ. நகரும் ஸ்க்ரூ என்றால் மதிப்பு 800. ஸ்க்ரூ 8 மி.மீ. நகர்ந்தால் 400.

இனி விற்றவர் சொன்னதற்கு வருவோம். மின் வணிக விதிகள் 2020-ன்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஆன்லைனில் விற்ற நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். "தொழிலுக்கு வாங்கியது" என்ற வாதம் பலமானது போலத் தெரியும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கி, தானே பயன்படுத்தினால் அதை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்குகிறது. நாலு பேரைக் கூலிக்கு வைத்துப் பட்டறை நடத்தினால் கதை வேறு.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஓசூரிலிருந்து. என் சிஎன்சி ரூட்டரில் ஸ்பிண்டிலை (பிட்டைச் சுழற்றும் மோட்டாரை) ஆன் செய்ததும் லேப்டாப்போடு தொடர்பு அறுந்து வேலை நிற்கிறது. ரிப்பேர்க்காரர் புது போர்டு வாங்கச் சொல்கிறார்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஸ்பிண்டில் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் யூஎஸ்பி ஒயரில் ஏறினாலே இப்படித்தான் ஆகும். இரண்டு முனையிலும் ஃபெரைட் (மின் இரைச்சலைத் தடுக்கும் உருளை) உள்ள குட்டையான யூஎஸ்பி கேபிள் வாங்கி, ஸ்பிண்டில் ஒயரிலிருந்து தள்ளி இழுத்துக் கட்டுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் நின்றால் ஸ்பிண்டிலைப் போடாமல் அதே வேலையை ஓட்டுங்கள். அப்போதும் அறுந்தால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.